முப்பத்தோராம் வசவு

ஜனவரி 8

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டாய். எடுத்தாலும் 'ம்' என்பதற்கு மேல் வராது. அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி.

நான் வேலையை விட்டதற்கு அம்மாவிடம் சொன்ன காரணம் பொய். தலைவலியும் இல்லை, மேலதிகாரி தொல்லையும் இல்லை. கூட வேலை பார்த்த ஒருவரும் நானும் சேர்ந்து ஒரு கருவி செய்திருக்கிறோம். (அவருக்குப் பெரிய மீசை. நீயும் மீசை என்றே வைத்துக்கொள்.) கருவியின் பெயர் மாமியார்.

இப்போது கம்ப்யூட்டருக்குக் கோட் எழுதுவது பாதிக்கு மேல் மனுஷர்கள் இல்லை, ஏஜென்ட்கள். 'இந்த வேலையை முடி' என்று ஒரு வரி சொன்னால் போதும், தானே பக்கம் பக்கமாகக் கோட் எழுதிக்கொண்டு வந்து நிற்கும் எந்திர மூளை. எழுதித் தள்ளுகிறது. அத்தனையையும் யார் படிப்பது? மனுஷன் படித்தால் கண் பிதுங்கிவிடும். அங்கேதான் நம் மாமியார் வருகிறாள். மனுஷன் கைக்குப் போகும் முன்பே ஒவ்வொரு ஃபைலையும் பிரித்துப் பார்த்து, குறை கண்டுபிடித்து, ஏஜென்ட்டை வாயாரத் திட்டுவாள். அது திருத்திக்கொண்டு வரும். மறுபடி திட்டுவாள். குறையே இல்லை என்றால், "இன்றைக்குத்தான் மருமகளாகத் தெரிகிறாய்" என்று உள்ளே விடுவாள்.

மொத்தம் நாற்பது வசவுகள். அத்தனையும் என் சொந்தச் சரக்கு. போன மாதம் இலவசமாக வெளியே விட்டோம். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இப்போது ஒரு பெரிய ஆபீஸ், மார்ச் முதல் தேதி எடுத்துச் சோதித்துப் பார்க்கிறோம் என்கிறது. ஒரே நிபந்தனை, நாற்பது வசவுக்கும் விளக்கக் கையேடு வேண்டும். மனுஷர்களுக்கு மட்டுமில்லை, ஏஜென்ட்களும் அந்தக் கையேட்டைப் படித்துத்தான் திருத்துமாம்.

எனக்குப் பேச வரும், விளக்க வராது. மீசை எழுதினால் மீசைக்கே புரியாது. உன் கடையில் ஹீட்டரோடு கொடுக்க நீ எழுதிய சீட்டைப் பார்த்திருக்கிறேன். அப்பா அதைக் குளியலறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார், அதற்குப் பிறகு வீட்டில் யாரும் ஷாக் வாங்கவில்லை. நீதான் எழுத வேண்டும். முடியாது என்று சொல்லாதே. உனக்குத்தான் எதுவும் சொல்ல வராதே.

பட்டியல் இணைத்திருக்கிறேன். நீயே ஏஜென்ட்டை ஓடவிட்டுப் பார்க்க ஒரு பக்கமும் இருக்கிறது.

அக்கா

*

ஜனவரி 14

அக்காவுக்கு,

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். எழுத ஆரம்பித்து நான்கு நாள் ஆன பிறகுதான் அதைச் சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தது.

சர்வீஸ் கடையில் மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை ஆள் வருவதில்லை. முதலாளி நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். பழுதுக்கு வந்த வாஷிங் மெஷின்களுக்கு நடுவில்தான் என் கம்ப்யூட்டர். அதில் உன் மாமியாரை ஓடவிட்டேன். மெக்கானிக் அண்ணன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இது யாரும்மா, எங்க வீட்டுக்கு வந்துட்டு போன மாதிரி பேசுது?" என்றார்.

சிரிப்பு வருகிறது. அது இல்லை பிரச்சினை.

நாலாம் வசவு: "அடுப்பில் வைத்தாயே, யார் இறக்குவது?" இதைக் கேட்டு ஏஜென்ட் என்ன செய்ய வேண்டும்? ஒரு மணி நேரம் தேடித்தான் கண்டுபிடித்தேன், கோட்டில் ஒரு ஃபைலைத் திறந்துவிட்டு மூடவில்லை என்று அர்த்தம். எந்த ஃபைல், எந்த வரி என்று உன் மாமியார் சொல்வதில்லை. பன்னிரண்டாம் வசவு: "பிள்ளைக்குப் பெயர் வைத்தாயா, நம்பர் போட்டாயா?" இது பரவாயில்லை, பெயர்களை மாற்று என்று புரிகிறது. எந்தப் பெயர்களை? அதுவும் இல்லை. இருபத்திரண்டு: "சோதித்துப் பார்த்தேன் என்கிறாயே, எந்தக் கண்ணால்?" இதற்கு ஏஜென்ட் எனக்குக் கண் கிடையாது என்று மூன்று பத்தி எழுதிவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டு, சோதிக்காமலே திரும்ப அனுப்பியது.

நீ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்கு நான் வந்த புதிதில் ஹீட்டரோடு ஒரு சீட்டு கொடுப்பார்கள். 'சிவப்பு விளக்கு எரிந்தால் கவனிக்கவும்' என்று இருக்கும். ஒரு அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த விளக்கை இரண்டு மணி நேரம் கவனித்திருக்கிறார். பிறகுதான் நான் மூன்று கட்டம் போட்டுச் சீட்டு எழுதினேன். என்ன தெரிகிறது, ஏன், என்ன செய்ய வேண்டும். மூன்றாவது கட்டம் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வெறும் பேச்சு. உன்னுடைய நாற்பதிலும் மூன்றாவது கட்டத்தை நானே தேடித் தேடி நிரப்ப வேண்டியிருக்கிறது.

பத்து முடித்திருக்கிறேன். கேள்விகள் அறுபத்து மூன்று, தனியாக இணைத்திருக்கிறேன். வேடிக்கையாகப் பதில் சொல்லாமல் பதில் சொல்.

கையேட்டில் என் பெயர் வேண்டாம்.

தங்கை

*

ஜனவரி 19

அடி கோட்டானே,

அறுபத்து மூன்று கேள்வியா? எனக்கு வந்து வாய்த்த மாமியார் நீதான் போலிருக்கிறது.

மீசை உன் கேள்விகளைப் படித்துவிட்டு எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தார். ஐம்பதுக்கு அவர் பதில் எழுதியிருக்கிறார், இத்தோடு வருகிறது. மீதிப் பதின்மூன்றுக்கு என் பதில்: உன் இஷ்டம் போல எழுதிக்கொள். வரி எண் சொல்ல வேண்டும் என்கிறாய். சொல்லலாம்தான், ஆனால் எந்த மாமியாராவது வரி எண் சொல்லித் திட்டுவாளா? "ஏழாவது பாத்திரத்தில் இடது ஓரம் கரி இருக்கிறது" என்றால் அது திட்டா, துப்புரவு அறிக்கையா? ஜனங்கள் சிரிப்பதற்காகத்தான் வருகிறார்கள். திட்டுகிற வாய்க்கு ஒரு வேகம் வேண்டும்.

அப்புறம், ஏஜென்ட்டுக்காகப் பரிந்து பேசாதே. போன கடிதத்தில் அதன் கட்சி நீ. எதைச் சொன்னாலும் "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி" என்று பல்லைக் காட்டுகிற ஜந்து அது. அதற்கு ரோஷமும் கிடையாது, மானமும் கிடையாது. திட்டினால் வலிக்குமோ என்று நீ கவலைப்பட வேண்டாம்.

மூன்று கட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. மற்றதையும் சீக்கிரம் முடி. மார்ச் ஒன்று நமக்காக நிற்காது.

அக்கா

*

ஜனவரி 27

அக்காவுக்கு,

முப்பது வரை முடித்துவிட்டேன்.

முப்பத்தொன்றை நேற்றுதான் பார்த்தேன். பட்டியலை நான் முன்கூட்டிப் படிப்பதில்லை, ஒவ்வொன்றாக வருகிற வரிசையில்தான் பார்ப்பேன். அதனால் நேற்று வரை தெரியாது.

"நீ எழுதியதைவிட வெள்ளைத் தாள் அழகாக இருந்தது."

ஒரு ஃபைலில் இருபதுக்கு மேல் குறை இருந்தால் இது வரும் என்று போட்டிருக்கிறாய். 'சொந்தச் சரக்கு' என்று எழுதியிருந்தாய்.

இது யார் சொன்னது என்று உனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் என் பரீட்சைத் தாளை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. அதை நான் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன். நீ முதல் வேலைக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை வந்தேனே, அங்கே பெஞ்சில். ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், உன் பஸ் வர ஐந்து நிமிஷம் இருந்தது, சொன்னேன். அம்மா அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

அதை எடுத்துவிடு. முப்பத்தொன்பது இருந்தால் போதும். யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள்.

தங்கை

*

ஜனவரி 30

தங்கச்சிக்கு,

சத்தியமாகச் சொல்கிறேன், எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு மத்தியானம் உட்கார்ந்து நாற்பதையும் எழுதினேன். இந்த வரி தானாக வந்து விழுந்தது. நானே யோசித்தது என்றுதான் நினைத்தேன். நல்ல வரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது. போதுமா?

ஆனால் கேள். நாற்பதில் ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அதைப் படம் பிடித்து அனுப்பாத ஆள் இல்லை. பெரிய ஆபீஸ்காரர் எங்களைக் கூப்பிட்டதே அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான். பேச ஆரம்பித்ததும், "அந்த வெள்ளைத் தாள் இருக்கே" என்று சிரித்தார். அதை எடுத்துவிட்டுப் போய் நின்றால் என்ன சொல்வது? தலையைக் கொடுத்துவிட்டுத் தொப்பி வாங்கிய கதையாகிவிடும். மீசை கையெடுத்துக் கும்பிடுகிறார்.

அதில் உன் பெயர் இல்லை, வாத்தியார் பெயர் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. திட்டு வாங்குவது ஒரு எந்திரம். அந்த ஆள் உன்னைச் சொன்னதை நாம் இப்போது எந்திரத்தைச் சொல்லிச் சிரிக்கிறோம். ஒரு வகையில் பழி வாங்கியது மாதிரிதானே? எட்டு வருஷம் ஆகிவிட்டது. விடு.

முப்பத்தொன்றின் மூன்றாவது கட்டத்தில் 'முழுவதையும் புதிதாக எழுதவும்' என்று போட்டுவிட்டு மேலே போ.

அக்கா

*

பிப்ரவரி 6

அக்காவுக்கு,

பழி வாங்குவது என்றால் அந்த வாத்தியாரைச் சொல்லியிருக்க வேண்டும். நீ அவர் பக்கத்தில் நின்றுகொண்டு சிரிக்கிறாய்.

சரி. என் விஷயத்தை விடு என்றாய், விட்டேன். கையேட்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

எந்த வசவையும் சோதிக்காமல் நான் எழுதுவதில்லை. முப்பத்தொன்றையும் சோதித்தேன். ஏஜென்ட்டிடம் வேண்டுமென்றே கஷ்டமான வேலை கொடுத்தேன். முதல் தடவை இருபத்து நான்கு குறை. மாமியார் முப்பத்தொன்றைச் சொன்னாள். ஏஜென்ட் வழக்கம் போல "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி" என்றது. திருத்தியது. இருபத்தாறு குறை. மறுபடி முப்பத்தொன்று. மறுபடி முற்றிலும் சரி. மூன்றாவது தடவை ஃபைலில் இருந்த அத்தனையையும் அழித்துவிட்டு வெறும் ஃபைலை அனுப்பியது.

மாமியார் அதைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு வரியும் இல்லை. வரி இல்லாத இடத்தில் குறை எங்கே இருக்கும்? "இன்றைக்குத்தான் மருமகளாகத் தெரிகிறாய்" என்று உள்ளே விட்டாள். முழு மதிப்பெண்.

தற்செயலாக இருக்கும் என்று பத்துத் தடவை செய்து பார்த்தேன். ஏழு தடவை வெறும் ஃபைல். மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர், "வேலையே செய்யாதவனுக்குத்தான் இங்க நல்ல பேரு" என்றுவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ சொன்ன 'புதிதாக எழுதவும்' என்பதையும் போட்டுப் பார்த்தேன். எதைப் புதிதாக? எப்படி? அதுவும் சொல்லவில்லை என்பதால் ஐந்து தடவையில் மூன்று தடவை வெறும் ஃபைல்தான். ஆகவே அது பொய்யான விளக்கம். பொய்யை நான் மூன்றாவது கட்டத்தில் எழுத மாட்டேன்.

முப்பத்தொன்பது வசவுக்கும் விளக்கம் இணைத்திருக்கிறேன். முப்பத்தொன்றுக்கு முதல் இரண்டு கட்டம் மட்டும் இருக்கிறது. மூன்றாவது காலி. மாமியாருக்கு வெறும் ஃபைலையும் ஒரு குறையாகப் பார்க்கச் சொல்லிக் கொடு, முப்பத்தொன்றை எடு. இரண்டையும் செய்யாமல் இதை வெளியே அனுப்பாதே.

இனிமேல் எனக்கு வேலை அனுப்ப வேண்டாம்.

தங்கை

*

மார்ச் 4

தங்கச்சிக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. 'நீ அவர் பக்கத்தில் நின்றுகொண்டு சிரிக்கிறாய்' என்பது வரை படித்தேன். கோபம் வந்தது, மூடிவிட்டேன். இணைப்பை மட்டும் எடுத்து அப்படியே பெரிய ஆபீஸுக்கு அனுப்பினேன். மீதியை இன்றுதான் படித்தேன். அதாவது, இப்போது, எல்லாம் முடிந்த பிறகு.

நடந்ததைச் சொல்கிறேன். திங்கள் காலை அவர்களுடைய ஏஜென்ட்கள் எல்லாவற்றையும் மாமியாரோடு சேர்த்து ஓடவிட்டார்கள். மத்தியானம் போன் வந்தது. அபாரம் என்றார்கள். வழக்கமாக நூற்றுக்கு எழுபது தேறும், இன்றைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தேறிவிட்டது என்றார்கள். மீசை என் தோளைத் தட்டினார். நான் அம்மாவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் இன்னொரு போன். தேறியதில் அறுபத்து மூன்று ஃபைல் வெறும் ஃபைல். உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. கஷ்டமான வேலைகள் எதுவோ, அவை அத்தனையும். எல்லாவற்றுக்கும் மாமியார் முழு மதிப்பெண் போட்டு, மருமகளே என்று கொஞ்சி அனுப்பியிருக்கிறாள்.

மறுநாள் நேரில் கூப்பிட்டார்கள். நீளமான மேஜை. இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர். பரிசோதனை அதிகாரி ஒரு அம்மாள். சிரிக்கவே தெரியாத முகம். உன் கையேட்டை அச்சடித்துக் கையில் வைத்திருந்தார். முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "இந்தக் கட்டம் மட்டும் ஏன் காலி?" என்றார். நான் விட்டுப்போயிருக்கும் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "முப்பத்தொன்பது கட்டத்தை இவ்வளவு சுத்தமா எழுதினவங்க ஒண்ணை விட்டுப்போக மாட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க கேட்டீங்களா?"

மீசை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் மேல் எனக்குக் கோபம்தான். இவ்வளவு தெரிந்தும் ஒரு கடிதத்தின் நடுவில் எழுதிவிட்டு உட்கார்ந்துகொண்டாய். போனை எடுத்துக் கத்தியிருக்க வேண்டாமா? வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா? அந்த முட்டாள் ஏஜென்ட் இருக்கிறதே, அதன் மேல் அதைவிடக் கோபம். ஒரு கேலி வார்த்தையைக் கேட்டுவிட்டு எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு வந்து நிற்கிற புத்தி எந்த ஊர்ப் புத்தி? எந்த மடையனாவது அப்படிச் செய்வானா?

மூன்று வாரம் கொடுத்திருக்கிறார்கள். உனக்கு அதைப் பத்துத் தடவை சோதிக்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது? அதை மட்டும் சொல்.

அக்கா

*

மார்ச் 9

அக்காவுக்கு,

கடிதத்தின் நடுவில் எழுதவில்லை. கடிதமே அதுதான். நீதான் நடுவில் நிறுத்திவிட்டாய். போனில் என்றால் நீ முதல் வரிக்கே குறுக்கே பேசியிருப்பாய். எழுத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது என்றுதான் எழுதினேன். படிக்காமல் இருக்க முடியும் என்பதை மறந்துவிட்டேன்.

எப்படித் தோன்றியது என்று கேட்டாய்.

ஏனென்றால் நான் அதைச் செய்திருக்கிறேன். பஸ் நிலையத்தில் உன்னிடம் பாதிதான் சொன்னேன். அதற்குள் உன் பஸ் வந்துவிட்டது. வாத்தியார் அப்படிச் சொன்ன பிறகு வருஷக் கடைசிப் பரீட்சை வந்தது. கேள்வித்தாளைப் படித்தேன். பாதிக்கு மேல் எனக்குத் தெரியும். மூன்று கணக்கு போட்டேன். பிறகு அதைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்த தாளை நான்தான் அசிங்கப்படுத்திவிட்டேன் என்று தோன்றியது. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வேறு தாள் வாங்கி, மேலே என் எண்ணை மட்டும் எழுதி, மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கொடுத்தேன். காவலுக்கு நின்றவர் திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டோடு சேர்த்துவிட்டார். யாராலும் அதில் ஒரு தப்புகூடக் காட்ட முடியாது அல்லவா? வெளியே வரும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் கேவலம். நிம்மதியாக இருந்தது.

வீட்டில் கணக்கு வரவில்லை என்று சொன்னேன். அப்பா, "போகுது விடு, எல்லாருக்கும் எல்லாம் வருமா?" என்றார். நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை.

அதனால் அதை மடையன் என்று சொல்லாதே. வெள்ளைத் தாள்தான் அழகு என்று நீ சொன்னாய், அது வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தது. சொன்னதைக் கேட்டது. அதற்கு வலிக்காது என்று எழுதியிருந்தாய். வலிக்குமா வலிக்காதா எனக்குத் தெரியாது. வலிக்காத ஒன்றே இப்படிச் செய்கிறது என்றால் யோசித்துப் பார்.

மூன்று வாரத்தில் செய்ய வேண்டியது. ஒன்று, வெறும் ஃபைல் வந்தால் மாமியார் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்தது, எந்த வசவாக இருந்தாலும் முதலில் வரி எண், பிறகு என்ன குறை, பிறகு என்ன செய்ய வேண்டும். இது மூன்றும் சொன்ன பிறகு அவள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளட்டும். நன்றாகத் திட்டட்டும், எனக்கும் பிடிக்கும். நாலாம் வசவுக்கு இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் துப்புரவு அறிக்கை முதலில், வாய் அப்புறம்.

முப்பத்தொன்றைப் பற்றி மூன்றாவது தடவை சொல்ல மாட்டேன்.

தங்கை

*

மார்ச் 23

தங்கச்சிக்கு,

நான்கு தடவை எழுதி அழித்துவிட்டேன். எனக்குப் பேச வரும் என்று சொன்னது யார்?

நீ பாதிதான் சொன்னாய் என்பது எனக்கு அப்போதே தெரியும். பஸ்ஸில் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நீ இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் கையை ஆட்டினேன். அடுத்த தடவை வரும்போது கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அந்த வரியை மட்டும் கொண்டுபோயிருக்கிறேன். மன்னிப்பு என்று எழுதினால் ஏஜென்ட் மாதிரி இருக்கிறது. நீயே என்ன வேண்டுமோ போட்டுக்கொள்.

முப்பத்தொன்றை எடுத்தாயிற்று. எண்ணையும் மாற்றவில்லை. முப்பதுக்குப் பிறகு முப்பத்திரண்டு என்றே இருக்கும். நீ சொன்ன மற்றதும் செய்தாயிற்று. மீசை வரி எண்ணுக்காக ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். நேற்று மறுபடி ஓடவிட்டார்கள். நூற்றுக்கு எழுபத்து நான்கு தேறியது. அத்தனையும் உள்ளே சரக்கு உள்ள ஃபைல். அந்தச் சிரிக்காத அம்மாள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, "வெச்சுக்கறோம்" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

அது முடிந்தது என்று பார்த்தால், இன்னொரு தலைவலி. இலவசமாக எடுத்தவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் இணையத்தில் எல்லோரும் எழுதுகிற நம் பொதுப் பலகையில் சண்டைக்கு வந்துவிட்டார்கள். 'வெள்ளைத் தாளை ஏன் எடுத்தீர்கள்', 'அதற்காகத்தான் இதையே வைத்திருந்தோம்', 'நகைச்சுவை உணர்வு செத்துவிட்டதா'. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மீசை, வேண்டுகிறவர்களுக்கு மட்டும் திரும்பக் கொடுத்துவிடலாமா என்கிறார். நான் முடியாது என்றேன். ஏன் என்று அவர் கேட்டார். அதை நான் சொல்லவில்லை. அது என்னுடையது இல்லை, ஏற்கெனவே ஒரு தடவை எடுத்துச் செலவழித்துவிட்டேன்.

நீ சொன்னால், காரணம் எதுவும் சொல்லாமல் 'வராது' என்று மட்டும் போட்டு மூடிவிடுகிறேன். நீயே எழுதுகிறாய் என்றால் பலகைக்குள் நுழைகிற ரகசிய எண்ணை, அதாவது சாவியை, அனுப்பியிருக்கிறேன். எழுதித்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

அக்கா

*

மார்ச் 29

அக்காவுக்கு,

இரண்டு நாள் நீ அனுப்பிய சாவியைத் தொடவே இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எங்கள் வகுப்பில்கூட நாற்பத்திரண்டு பேர்தான்.

நேற்று மதியம் முதலாளி தூங்கின பிறகு எழுதினேன். மெக்கானிக் அண்ணனிடம் படித்துக் காட்டலாம் என்று பார்த்தேன், அவர் ஒரு டிரம்முக்குள் தலையை விட்டிருந்தார். அதனால் யாரிடமும் காட்டாமல் போட்டுவிட்டேன். இதுதான்:

"முப்பத்தோராம் வசவைத் திரும்பக் கேட்டவர்களுக்கு. இந்தக் கையேட்டை எழுதியவள் நான். அந்த வரி எந்திரத்துக்காக எழுதப்பட்டது இல்லை. வகுப்பில் என் தாளைப் பார்த்து என்னிடம் சொல்லப்பட்டது. எல்லோரும் சிரித்தார்கள். உங்களுக்கும் சிரிப்பு வந்தது, அதில் தப்பு இல்லை, வரி அப்படி. ஆனால் அதைக் கேட்ட பிறகு நான் வெறும் தாளைக் கொடுத்தேன். ஏஜென்ட்டும் வெறும் ஃபைலைக் கொடுத்தது. திருத்த வேண்டிய ஒருவரை எழுதவே விடாமல் செய்கிற வரி ஒரு பரிசோதனைக் கருவியில் இருக்கக் கூடாது. அதனால் எடுத்திருக்கிறோம். திரும்ப வராது. மற்ற முப்பத்தொன்பதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், பதில் சொல்கிறேன்."

போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பின்கட்டில் ஒரு ஹீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே துடைத்த ஹீட்டர்.

இன்று காலை பார்த்தேன். சிலர் தங்கள் வாத்தியார்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சிலர் இன்னும் சண்டை போடுகிறார்கள், போடட்டும். ஒரு ஆள் மட்டும் கேலியா நிஜமா என்று தெரியாத மாதிரி ஒன்று கேட்டிருந்தார். 'சரி, அவ்வளவு மோசமான தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாத்தியார் வேறு என்னதான் சொல்லியிருக்க வேண்டும்?'

அக்கா, அவர் தூக்கிக் காட்டிய அந்தத் தாளை நான் கிழித்துப் போடவில்லை. கடைக்கு வந்த முதல் வருஷம் ஒரு நாள் அதை எடுத்து உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். அதனால் பதில் எனக்குத் தெரியும். பத்து நிமிஷம்கூட யோசிக்கவில்லை, உடனே எழுதிப் போட்டுவிட்டேன்:

"முதல் கணக்கு, நான்காம் வரி. கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது. அதைப் போட்டுவிட்டு அங்கிருந்து மறுபடி செய்."

தங்கை